தணிக்கை அதிகாரி வாசிக்காத நிருபர்

"காக்கா, முதல்ல ஆதம்பாவா காக்காட்டத்தான் போன நாங்க. அவருக்குக் கண் ஒப்பரேசனாம், எழுத ஏலாதாம். அதான் உங்களிட்ட வந்த."

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். ஓய்ந்துபோன நிருபர் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது. ஊடக சுதந்திரம் பற்றி நம் ஊர் இளம் நிருபர்கள் ஒரு மலர் போடுகிறார்கள். எண்பதுகளில் அவசரகாலச் சட்டத்துக்கும் தணிக்கைக்கும் நடுவில் நின்று செய்தி அனுப்பிய பழசுகளில் ஒன்றைப் பிடித்து எழுத வைக்க வேண்டும். முதலாம் பழசுக்குக் கண் சரியில்லை. ஆகவே இரண்டாம் பழசு.

எழுதுகிறேன். ஆனால் வந்த பிள்ளைகள் எதிர்பார்ப்பதுபோல என் தொழிலை ஓட்டிய எரிபொருள் சத்தியமும் அல்ல, சமூக அக்கறையும் அல்ல. பொறாமை. கலப்படம் இல்லாத பொறாமை. அதுவும் ஒரே ஆள் மீது.

ஆதம்பாவா என் சகலன். மூத்தவளை நான் கட்டினேன், இளையவளை அவர். கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம்; மாப்பிள்ளை உடுபுடவைப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துசேர்வான். சாய்ந்தமருதில் மாமியின் வளவில் எனக்கொரு வீடு, ஆதம்பாவாவுக்கொரு வீடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைக்கு நிருபரானேன். அவர் கலியாணம் முடித்து வந்து, நான் அரசாங்கக் கச்சேரிக்குப் போனால் கதிரை போடுகிறார்கள், கூட்டத்துக்குப் போனால் தேத்தண்ணி கொடுக்கிறார்கள் என்பதைக் கண்டார். ஆறு மாதத்துக்குள் போட்டிப் பத்திரிகைக்கு நிருபராகிவிட்டார். சீதனத்தோடு என் தொழிலையும் சேர்த்து எடுத்துக்கொண்டார் என்று அன்றைக்கே மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு வேற வேல இல்லியா?" என்றாள். வேறு வேலை இல்லாததுதானே பிரச்சினை.

தொழில் பழகிய கதை சிறியது. அனுப்பினேன், போடவில்லை. அனுப்பினேன், பாதி போட்டார்கள். போட்ட பாதிக்கும் போடாத பாதிக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துப் பார்த்து ஒருவாறு பழகிக்கொண்டேன். என் செய்திகள் இறக்காமத்தில் வயலுக்குள் இறங்கிய யானை, குளத்து நீர்மட்டம், நெல் கொள்வனவு, மீன் விலை. கடைசியாகச் சொன்னது என் விசேடம். கீரி மீன் என்ன விலை, சூடை என்ன விலை, ஏன் ஏறியது, எப்போது இறங்கும் என்று என்னைப்போல் எழுத அந்தக் கரையில் ஆள் கிடையாது. எவரும் முயலவும் இல்லை.

அவசரச் செய்தியென்றால் கல்முனைத் தபாற் கந்தோருக்குப் போய் ட்ரங்க் கோல் பதிய வேண்டும். பதிந்துவிட்டு வாங்கில் குந்தியிருக்க வேண்டும். கொழும்பு கிடைத்ததும் கூண்டுக்குள் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். அரசாங்கம் எதை இரகசியம் என்று சொன்னாலும், முத்திரை வாங்க வந்தவர், மணியோடர் மாற்ற வந்தவர், சும்மா வெயிலுக்கு ஒதுங்கியவர் எல்லோரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். கொழும்பில் அச்சேறுவதற்கு ஒருநாள் முன்பே கல்முனை முழுக்கச் செய்தி தெரிந்திருக்கும்.

மறுமுனையில் எங்கள் செய்தி ஆசிரியர். யாழ்ப்பாணத்தவர். அவரை நான் நேரில் கண்டதே இரண்டு மூன்று தடவைதான். மெலிந்த, சிரிக்காத மனிதர். தொலைபேசியில் 'ஹலோ' சொல்ல மாட்டார். "சொல்லும்" என்பார். சொல்லி முடித்ததும் ஒரே கேள்வி: "கண்டனீரோ, கேட்டனீரோ, நினைச்சனீரோ?" கண்டது என்றால் எழுதிக்கொள்வார். கேட்டது என்றால் யாரிடம் என்று விசாரிப்பார். மூன்றாவது வகையென்று அவருக்குப் பட்டால் தொலைபேசி 'டொக்' என்று வைக்கப்படும். என் ஆரம்ப காலத்து 'டொக்'குகளின் சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது.

இப்படி இருக்கையில் தணிக்கை வந்தது. பாதுகாப்பு, படை, முகாம், கைது, தேடுதல் ஆகியவற்றோடு தொடர்புள்ள எதுவும் கொழும்பில் தணிக்கை அதிகாரியின் மேசைக்குப் போய், அவர் முத்திரை குத்திய பிறகுதான் அச்சுக்குப் போகலாம். அவர் வெட்டிய இடத்தைப் பத்திரிகைகள் ஆரம்பத்தில் அப்படியே வெள்ளையாக விட்டன.

என் சகலனின் காலம் பிறந்தது அங்கேதான்.

ஒருநாள் காலையில் தேத்தண்ணிக் கடையில் கூட்டம். நடுவில் ஆதம்பாவாவின் பத்திரிகை. 'கல்முனையில்' என்ற தலைப்பும் 'எமது நிருபர் ஆதம்பாவா' என்ற வரியும் இருக்க, அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெறும் வெள்ளை. அந்த வெள்ளையைப் பன்னிரண்டு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க, என்னமோ பெரிய விசயம் எழுதியிரிக்கார் மனிசன்."

"நெஞ்சுத் துணிவு வேணும்டா இதுக்கு."

"கீழ்ப் பக்கம் இன்னும் பயங்கரமா இரிக்கும் போல."

அதே நாள் என் பத்திரிகையில், யானை அழித்த வயல் பற்றி நான் எழுதியது ஓர் எழுத்துக் குறையாமல் வந்திருந்தது. அதில் எவரோ வடை சுற்றியிருந்தார்.

மாமிக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. என் செய்தி வந்தால், "என்ன மருமகன் இது, எறும்பு ஊர்ந்த மாதிரி" என்று மடித்து வைத்துவிடுவார். ஆதம்பாவாவின் வெள்ளையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சின்ன மருமகனுக்கு கவுமேந்தே பயப்புடுதாம்" என்று அயலுக்கெல்லாம் சொன்னார். ஊரிலுள்ள படித்தவர்கள் அளவுக்கு மாமியாலும் வாசிக்க முடிந்த ஒரே நிருபர் ஆதம்பாவாதான்.

எனக்கும் ஒரு வெள்ளை வேண்டுமென்று ஆசை பிடித்தது. சிரிக்காதீர்கள், வயிற்றுக்குள் நெருப்பாக இருந்தது. யானைச் செய்தியில் 'பாதுகாப்பு' என்ற சொல்லை நான்கு இடத்தில் செருகினேன். வந்தது, முழுதாக. குளக்கட்டு உடைப்பை 'ஊடுருவல்' என்று எழுதினேன். ஆசிரியர் 'கசிவு' என்று திருத்தினார், முழுதாக வந்தது. எனக்குத் தெரிந்தவற்றில் மறைக்கத்தக்கதாக அரசாங்கத்துக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. ஒரு மனிதனை இதைவிட எப்படி அவமதிக்கலாம் என்று எனக்குத் தெரியாது.

பிறகு அந்தக் காலை.

மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தேன். கரைவலை பாதி இழுபட்டிருந்தது. வலையில் என் மச்சான் றஹீமும் நின்றான். என் மனைவியின் தம்பி, மாமிக்கு ஒரே ஆண்பிள்ளை. தென்னைகளுக்குள்ளால் வாகனங்கள் வந்தன. சீருடைக்காரர் குதித்தார்கள். நான் என்ன செய்தேன் என்று இளம் நிருபர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: கவிழ்த்து வைத்திருந்த தோணிக்குக் கீழே புகுந்துவிட்டேன். எவ்வளவு வேகமாக என்றால், அங்கே ஏற்கனவே படுத்திருந்த நாய் எழும்பி எனக்கு இடம் விட்டது. தெரிந்த கலிமாக்கள் எல்லாவற்றையும் ஓதினேன். இடையில் ஒன்றிரண்டு ஒழுங்கு மாறியிருக்கும்.

ஆனால் தோணியின் விளிம்புக்கும் மணலுக்கும் இடையால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வலைக்காரரை வரிசையாக நிற்பாட்டினார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, அவருடைய தம்பி, றஹீம், மற்றவர்கள். எல்லோரும் எனக்குத் தெரிந்த முகங்கள், ஓர் ஆளைத் தவிர. அந்த ஆள் காரைதீவிலிருந்து வேலைக்கு வருபவர் என்று மட்டும் தெரியும். காரைதீவு அடுத்த ஊர்தான். ஆனால் அந்தக் காலத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களான எங்களுக்கும் இடையில் மனம் கசந்து, அவர்கள் இங்கே வருவதும் நாங்கள் அங்கே போவதும் குறைந்திருந்தது. அதையும் மீறி அந்த மனிதர் வலைக்கு வந்துகொண்டிருந்தார். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வாகனங்கள் போயின. வலை கடலுக்குள் கிடந்தது.

பள்ளிவாசல் பெரியவர்கள் படை முகாம் வாசலுக்குப் போனார்கள். "அப்படி யாரையும் நாங்கள் கொண்டுவரவில்லை" என்று பதில். அந்தப் பதிலின் அர்த்தம் அந்த நாட்களில் வாழ்ந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொண்டுவரவில்லை என்றால் திருப்பித்தர வேண்டியதும் இல்லை.

மாமி கிணற்றடியில் நின்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேப்பர்காரனுக்கு ரெண்டு புள்ளயக் குடுத்திரிக்கன். என்ட மகன்ட பேர ஒரு பேப்பர்ல போட ஏலாதா? பேர் வந்தா ஒளிக்க மாட்டானுகள்."

எழுதப் படிக்கத் தெரியாத மனிசிக்கு, நாங்கள் இருவரும் அதுவரை யோசித்தே பார்க்காத ஒன்று தெரிந்திருந்தது.

ஆதம்பாவா முந்திக்கொண்டார். தந்தி கொடுத்தார், கோல் எடுத்தார். இரண்டு நாளில் அவருடைய செய்தி வந்தது. தலைப்பு, பெயர், கீழே வெள்ளை. முன்பைவிட நீளமான வெள்ளை. வழக்கம்போல மாமியின் கையில் கொடுத்தார்கள். மாமி தடவிப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார்.

"இதுல எங்க மனே என்ட புள்ள?"

ஆதம்பாவா நிலத்தைப் பார்த்தார். என் உள்ளே ஒரு சின்னச் சைத்தான் கைதட்டியது. கைதட்டி முடிவதற்குள் மாமி அடுத்ததாக என்னைப் பார்த்தார்.

தபாற் கந்தோருக்கு ஓடினேன். கூண்டுக்குள் நின்று முழுவதையும் கத்திச் சொன்னேன். வழக்கமான கேள்வி வந்தது.

"கண்டது ஐயா! தோணிக்குக் கீழ படுத்துக்கொண்டு கண்டது!"

"படுத்துக்கொண்டு கண்டாலும் கண்டதுதான்" என்றார். லைன் அறுந்துவிட்டதோ என்று கூண்டைத் தட்டினேன்.

"ஐசே, இதைச் செய்தியா எழுதினால் வெட்டுவான். ஒரு விசயம் சொல்லுறன், மனசிலை வைச்சிருக்காதையும். உம்மட பேரைக் கண்டால் அந்தத் தணிக்கை அதிகாரி வாசிக்கிறேல்லை. 'மீன்காரரோ?' எண்டு கேட்டுப்போட்டு முத்திரையைக் குத்துறான்."

"ஐயா?"

"உம்மட மீன் விலையை எழுதும். மீன் ஏன் இல்லையெண்டு வழமைபோல விளக்கமா எழுதும். விளங்கிச்சோ?"

விளங்கியது. விளங்கியது வேறு, வலித்தது வேறு. ஆதம்பாவாவை அந்த அதிகாரி வரிக்கு வரி வாசிக்கிறார், அடிக்கோடிடுகிறார், நித்திரை கெடுகிறார். என்னை வாசிப்பதே இல்லை! கண்ணில் தண்ணீர் நின்றது. பின்னால் வரிசையில் நின்றவர் மச்சானை நினைத்து அழுகிறேன் என்று முதுகைத் தடவிவிட்டார்.

எழுதினேன். 'சாய்ந்தமருதில் மீன் விலை உயர்வு. கீரி, சூடை, பாரை ஆகிய மீன்களின் விலை கடந்த சில தினங்களாக உயர்ந்துள்ளது. கரைவலைத் தொழிலாளர்களான…' என்று தொடங்கி, சம்மாட்டி முதல் றஹீம் வரை வாப்பா பெயரோடு ஒவ்வொருவராக எழுதி, '…ஆகியோரும் மேலும் ஒருவரும் முகாமில் தங்கியிருப்பதால் வலை இழுக்க ஆளில்லாமையே இதற்குக் காரணம் என வியாபாரிகள் தெரிவிக்கின்றனர்' என்று முடித்தேன். காரைதீவு ஆளின் பெயரை விசாரித்தேன். ஏற்றிச் செல்லப்பட்டவர்களுக்கே அது தெரியும், வெளியில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. காணாததை எழுத முடியாது. 'மேலும் ஒருவர்.'

வந்தது. உள்பக்கத்தில், சந்தை நிலவரத்துக்குப் பக்கத்தில், 'எமது நிருபர்' என்று மட்டும் போட்டு, முழுதாக. மாமி அந்த எறும்புகளுக்கு நடுவில் றஹீமின் பெயரைக் காட்டச் சொல்லி, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். பெரியவர்கள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனார்கள். நான் கிணற்றடிக்குப் போனேன், குளிக்க. காரணம், வெற்றி கிடைத்ததும் எனக்கு வயிற்றோட்டமும் சேர்ந்து வந்துவிட்டது.

வாளியைக் கிணற்றுக்குள் விட்ட நேரம் ஒழுங்கைக்குள் ஜீப் சத்தம். கிடுகு மறைப்புக்குள் குந்திவிட்டேன். சத்தம் வராமல் இருக்க மூச்சை அடக்கினேன். பிறகு சந்தேகம் வராமல் இருக்கத் தலையில் தண்ணீர் ஊற்றினேன். அடக்குவது, ஊற்றுவது, அடக்குவது, ஊற்றுவது.

"பேப்பர்காரர் வீடு எது?" என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டார்.

மகனைப் பற்றி நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று மாமிக்கு எண்ணம். "இஞ்சால வாங்க" என்று ஆசையோடு கூட்டிக்கொண்டு போனார், ஆதம்பாவாவின் வீட்டுக்கு. எங்கள் ஒழுங்கையில் பேப்பர்காரர் என்றால் வேறு யார்? ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

தப்பித்தேன். அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். மறுகா, தலையைத் துவட்டும்போது அந்த எண்ணம் வந்தது: என் செய்தி! வாழ்நாளில் அரசாங்கத்தை அசைத்த என் ஒரேயொரு செய்தி! அதற்கும் அவரையா பிடித்துக்கொண்டு போகிறார்கள்?

இளம் நிருபர்களே, நான் பொலிசுக்குப் போனது துணிவால் அல்ல. ஈரச் சாரத்தோடு சைக்கிளில் ஏறினேன். வழி முழுக்க மிதித்தது காலல்ல, பொறாமை.

இன்ஸ்பெக்டர் தமிழ் ஓரளவு தெரிந்த சிங்களவர். முன்னால் ஆதம்பாவா நேராக நின்றுகொண்டிருந்தார்.

"சேர், அந்த மீன் விலை நான் எழுதினது."

"இவர் தான் எழுதினது எண்டு சொல்லிட்டாரே."

ஆதம்பாவாவைத் திரும்பிப் பார்த்தேன். "என்ன சொல்றீங்க? அது என்ட செய்தி!"

"இல்ல சேர். இவர் நம்மட காக்கா, என்னக் காப்பாத்தப் பாக்கார். நான்தான் எழுதின."

"பொய் சேர்! இவருக்குச் சூடைக்கும் சாளைக்கும் வித்தியாசம் தெரியாது! கேட்டுப் பாருங்க!"

"காக்கா, சும்மா இரிங்களன்."

"நீங்க சும்மா இரிங்க! உங்களிட்ட வெள்ளை ஒரு கட்டுக் கிடக்கு, இதையாவது எனக்கு விடுங்களன்!"

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு குற்றத்துக்கு இரண்டு பேர் சண்டை பிடிப்பதை அவர் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார். வாங்கில் குந்த வைத்தார். பின்னேரம் வந்து, "மீன் எண்டா மீன் மட்டும் எழுதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒழுங்கை முனையில் ஆதம்பாவாவுக்கு வரவேற்பு. என்னைக் கண்டவர்கள், "காக்கா, நீங்க எங்க போன? நனைஞ்சிரிக்கீங்க" என்றார்கள். அவர் என்னைக் காப்பாற்ற நின்றாரா, என் செய்தியைக் களவெடுக்க நின்றாரா என்பதை இன்றுவரை நான் முடிவு செய்யவில்லை. கேட்டால், "காக்கா அழுதிருவீங்க எண்டு பயந்த நான்" என்கிறார். அதற்குப் பிறகு இன்னும் பொறாமையாக இருக்கிறது.

சில நாள் கழித்து றஹீம் வந்தான். பேப்பரில் பெயர் வந்த எல்லோரும் வந்தார்கள். மெலிந்து, முதுகில் தழும்போடு, உயிரோடு. மாமி அவன் முகத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். சோறு தின்று முடித்த பிறகுதான் அவன் கதைத்தான்.

"பேப்பரக் கொண்டு வந்தானுகள் மச்சான். அதுல கிடந்த பேர ஒவ்வொண்டா வாசிச்சு, எழும்பச் சொன்ன. எழும்பினவங்கள விட்ட. காரைதீவு யோகராசா கடைசியா எழும்பி, 'மேலும் ஒருவர் எண்டு போட்டிரிக்கி, அது நான்தான் ஐயா' எண்டு சொன்னான். 'பேர் இல்ல, இரு' எண்டுட்டானுகள்."



அடுத்த நாள் நானும் ஆதம்பாவாவும் காரைதீவுக்குப் போனோம், ஒரே சைக்கிளில். றஹீம் சொன்ன அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தோம். யோகராசாவின் தாயார் எங்கள் தொப்பியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பிறகு கதிரையைத் துடைத்துப் போட்டார். விசயத்தைச் சொன்னோம்.

"மீன் விலையில பேர் போட்ட ஆள் உங்கள்ல யார் மனே?"

ஆதம்பாவா என்னைக் காட்டினார். அந்த மனிதர் எனக்கு விட்டுத்தந்த முதல் செய்தி அதுதான்.

"அப்ப என்ட புள்ளட பேரையும் போட்டு விடுங்க மனே. தம்பிப்பிள்ள யோகராசா."

இருவரும் அனுப்பினோம். வெள்ளை விடுவதையும் அப்போது தடைசெய்துவிட்டார்கள். ஆதம்பாவாவின் செய்தி இருந்த இடத்தில் பற்பொடி விளம்பரம் வந்தது. எனக்கு ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார்: "இப்ப உம்மட செய்தியைத்தான் அவன் முதல் எடுக்கிறான் ஐசே. எழுத்தெழுத்தா வாசிக்கிறான்." என் மீன் விலை வந்தது. கீரி, சூடை, பாரை. அவ்வளவுதான். பள்ளிவாசலும் கோயிலும் சேர்ந்து முகாமுக்குப் போயின, றஹீமும் சாட்சி சொல்லப் போனான். அப்படி ஓர் ஆள் இல்லை என்றார்கள்.

அந்த அம்மா சந்தைக்கு வரும் நாட்களில் என்னைத் தேடுவார். "பக்கத்து வீட்டுப் புள்ளையக் கொண்டு வாசிப்பிச்ச நான் மனே. மீன் விலை வந்திரிக்கி. பேரக் காணல்லியே." நாளைக்கு வரும் என்பேன். ஆதம்பாவாவிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனையோ பேர் நடுவில் என்னைத்தான் நிருபர் என்று தேடி வந்தார். அந்த மரியாதையை ஆதம்பாவாவின் கையில் திணித்துவிட்டு ஓடிவிடப் பல தடவை பார்த்தேன். அவர் வாங்கவில்லை.

எனவே செய்தியை இங்கே தருகிறேன். சாய்ந்தமருதுக் கடற்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது மற்றவர்களோடு ஏற்றிச் செல்லப்பட்டவர், காரைதீவைச் சேர்ந்த தம்பிப்பிள்ளை யோகராசா. கரைவலைத் தொழிலாளி. இன்னும் வீடு திரும்பவில்லை. தாயார் இருக்கிறார்.